கெய்ரோவின் அல்-முயிஸ் தெரு நடை: கொழும்பில் விற்கும் 'நகர் உலா' காசுக்குத் தகுமா?

கொழும்பிலிருந்து உம்றாவோடு சேர்த்தோ தனியாகவோ எகிப்துக்கு ஆள் கூட்டிப் போகும் முகவர்களின் நிரலில் 'கெய்ரோ நகர் உலா' என்று ஒரு நாள் இருக்கும். காலையில் கீஸா பிரமிட், மத்தியானம் அருங்காட்சியகம், பின்னேரம் கான் அல்-கலீலிச் சந்தை. பழைய கெய்ரோவின் ராஜவீதியான அல்-முயிஸ் தெரு அந்தப் பின்னேரத்துக்குள் அடக்கம் என்பது அவர்கள் கணக்கு. நடப்பது வேறு. ஹுசைன் பள்ளிவாசல் முன்னால் வான் நிற்கும், முக்கால் மணித்தியாலம் தருவார்கள். அதில் பாதி ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்துக்கு விலை பேசுவதில் போகும். தெருவின் நடுத்துண்டு மட்டும் கண்ணில் படும். இந்த வகைச் சேவைக்கு 5இல் 2 கொடுக்கலாம். அந்த 2உம் பிரமிட்டுக்காக.

அதே பயணத்தில் ஓர் அரைநாளை ஒதுக்கி, உரிமம் பெற்ற கெய்ரோ வழிகாட்டி ஒருவரோடு தெருவை வடக்கிலிருந்து தெற்காக நடந்து முடிக்கும் சேவையும் உண்டு. பெரும்பாலான முகவர்கள் கேட்டால் ஒழுங்கு செய்து தருவார்கள், கேட்காவிட்டால் வாய் திறக்கமாட்டார்கள். அதற்கு 5இல் 4. ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் வழிகாட்டிகள் விட்டுவிடும் விஷயங்கள். அதிலும் இலங்கைக் குழுவுக்குச் சொல்லியே ஆகவேண்டிய இரண்டு விஷயங்களை அநேகமாக யாரும் சொல்வதில்லை.

முதலில் தெருவின் சரித்திரத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஃபாத்திமியக் கலீஃபா வம்சத்தின் தளபதி ஜவ்ஹர் 969இல் அல்-காஹிரா என்ற அரச நகரை நிறுவினார். கலீஃபா அல்-முயிஸ் 973இல் வந்து குடியேறினார். வடவாசலிலிருந்து தென்வாசல் வரை நகரை நெடுக்காகப் பிளந்து போன ராஜவீதி இது. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். முதலில் அரச குடும்பமும் படையும் மட்டுமே புழங்கிய இடம். 1171இல் ஸலாஹுத்தீன் ஃபாத்திமிய ஆட்சியை முடித்த பிறகுதான் கடையும் சனமும் உள்ளே வந்தன. அதன் பின், அடிமைப் படைவீரராக வந்து ஆட்சியைப் பிடித்த மம்லூக் சுல்தான்கள் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்த்து அரண்மனை நிலத்தில் பள்ளிவாசலும் மத்ரஸாவும் கல்லறையும் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் இஸ்மாயில் பாஷா மேற்கே ஐரோப்பியப் பாணியில் புதுநகர் எழுப்பியபோது காசு அந்தப் பக்கம் நகர்ந்தது, தெரு தப்பியது. பழைய கெய்ரோ 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

எந்த முனையில் தொடங்குவது என்பதில்தான் இந்த நடையின் பாதி வெற்றி இருக்கிறது. சந்தைப் பக்கம் தொடங்கினால் கடைக்காரரைத் தாண்டுவதிலேயே நேரம் போய்விடும். வட முனையில், பாப் அல்-ஃபுதூஹ் வாசலுக்கு வெளியே காலை 9 மணிக்கு இறங்க வேண்டும். உள்ளே பார்க்கக்கூடிய கட்டடங்கள் பெரும்பாலும் 9 மணிக்குத் திறந்து பின்னேரம் 5 மணி அளவில் மூடும். ரமழானில் இன்னும் முன்னதாக மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல்களுக்குள் சுற்றிப் பார்ப்பவர்களை விடமாட்டார்கள், நடை இரண்டாக உடைந்துவிடும். காலையில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கலாவூன், அந்-நாஸிர், பர்கூக் ஆகிய மம்லூக் சுல்தான்களின் மூன்று பெரிய முகப்புகளும் தெருவின் மேற்குப் பக்கத்தில் கிழக்கு நோக்கி நிற்கின்றன. மத்தியானத்துக்குப் பிறகு அவை நிழலில் இருக்கும், படம் கறுத்துப் போகும்.

பாப் அல்-ஃபுதூஹ், அருகிலுள்ள பாப் அந்-நஸ்ர், தெற்கே பாப் ஸுவைலா மூன்றும் பத்ர் அல்-ஜமாலி என்ற ஆர்மீனிய வம்சத்து வஸீர் (முதலமைச்சர்) கட்டுவித்த கல்வாசல்கள். வடக்கில் உள்ள இரண்டும் 1087, தெற்கில் உள்ளது 1092. ஜவ்ஹரின் மதில் மண்கல்லால் ஆனது. பத்ர் புது மதிலை வடக்கே தள்ளிக் கட்டியதால், அதுவரை நகருக்கு வெளியே நின்ற ஹாக்கிம் பள்ளிவாசல் உள்ளே வந்து சேர்ந்தது. வாசல் கோபுரங்களில் பிரெஞ்சு எழுத்தில் பெயர்கள் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். நெப்போலியன் படை கெய்ரோவைப் பிடித்திருந்த காலத்து வேலை அது. வழிகாட்டி காட்டாவிட்டால் கேளுங்கள்.

ஹாக்கிம் பள்ளிவாசல் 990இல் தொடங்கி 1013இல் முடிந்தது. சிலுவைப் போர்க் கைதிகளுக்குச் சிறை, பிரெஞ்சுப் படைக்குக் களஞ்சியம், 19ஆம் நூற்றாண்டில் அரபுக் கலைப்பொருள் காட்சிசாலை என்று பல வேடம் போட்ட இடம். இப்போதுள்ள வெள்ளைப் பளிங்கு முற்றம் ஃபாத்திமியக் கலீஃபாக்களைத் தங்கள் இமாம்களாகப் போற்றும் தாவூதி போரா சமூகத்தார் 1980ஐ ஒட்டிச் செய்த புனரமைப்பில் வந்தது. 2023இல் இன்னொரு சுற்றுப் புதுப்பிப்பு முடிந்து திறந்தார்கள். கொழும்பில் போரா வியாபாரக் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இந்த இடத்தின் முக்கியத்துவத்தை விளக்கத் தேவையில்லை. பழமை வல்லுநர்கள் இந்தப் பளபளப்பைக் குறை சொல்வார்கள். குறையில் நியாயம் உண்டு, ஆனாலும் இடிந்து கிடந்த பள்ளிவாசலில் இன்று தொழுகை நடக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. சப்பாத்தைக் கழற்றிப் பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். வாசலில் விட்டால் திரும்பி வர வேண்டும், எடுத்துத் தருபவருக்குச் சில்லறையும் கொடுக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு முற்றத்துப் பளிங்கு சுடும், காலுறை போட்டிருப்பது நல்லது.

இங்கிருந்து தெற்கே சிறிது நடந்தால் இடப்பக்கம் தர்ப் அல்-அஸ்ஃபர் என்ற ஒழுங்கை. அதற்குள் ஸுஹைமி வீடு. 1648இல் எழும்பி 1796இல் விரிந்த வியாபாரி வீடு. தனிச் சீட்டு வேண்டும் என்பதால் முகவர்கள் இதை வெட்டிவிடுவார்கள். விடாதீர்கள். வடகாற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும் கூரைக் காற்றுவாயும், உள்ளிருப்போர் தெருவைப் பார்க்கலாம், தெரு உள்ளே பார்க்க முடியாது என்ற கணக்கில் கடைந்த மரச்சட்ட ஜன்னல்களும், முற்றத்துக்கும் பின் தோட்டத்துக்கும் நடுவே வெப்ப வித்தியாசத்தால் காற்று ஓடும்படி வைத்த திறந்த திண்ணையும் இங்கே ஒன்றாக இருக்கின்றன. வீடு கட்டும் எண்ணமுள்ள கொழும்பார் இங்கே 40 நிமிடம் நின்றால் வீண்போகாது.

திரும்பித் தெருவுக்கு வந்தால் அக்மர் பள்ளிவாசல், 1125. சின்னது, ஆனால் கெய்ரோக் கட்டடக்கலையில் ஒரு திருப்பம் இங்கேதான். தெரு போகும் திசை ஒன்று, தொழும் திசையான கிப்லா இன்னொன்று. கட்டியவர்கள் முகப்பைத் தெருவோடு ஒட்டி நேராக வைத்துவிட்டு, தொழும் இடத்தை மட்டும் கிப்லாப் பக்கம் திருப்பினார்கள். இடையில் விழுந்த கோணல் சுவரின் தடிப்புக்குள் மறைந்துவிட்டது. வாசலில் நின்று இரண்டு பக்கச் சுவரின் தடிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உடனே விளங்கும். பின்னால் வந்த மம்லூக் கட்டடங்கள் எல்லாம் இந்த உத்தியையே பெரிதாகச் செய்தவை. இதைச் சொல்லாமல் 'அழகான முகப்பு' என்று கடந்து போகும் வழிகாட்டி மீதித் தெருவுக்கும் உதவமாட்டார்.

அடுத்து தெரு கவராகப் பிரியும் முனையில் அப்துர் ரஹ்மான் கத்குதாவின் ஸபீல், 1744. கீழே வழிப்போக்கருக்குத் தண்ணீர், மேலே பிள்ளைகளுக்குக் குர்ஆன் பள்ளி. உள்ளே ஓட்டுப் பதிப்பில் மக்காவின் படத்தைத் தேடிப் பாருங்கள். அருகில் பஷ்தாக் மாளிகை, இனால் ஹம்மாம் என்ற பொதுக் குளியல் மண்டபம். இவற்றையும் கலாவூன் தொகுதியையும் பார்க்க இந்தத் தெருவுக்கென்று ஒரு கூட்டுச் சீட்டு விற்கிறார்கள். எந்தக் கட்டடம் திருத்த வேலைக்காக மூடியிருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும், சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். செல்லுபடியாகும் மாணவர் அட்டை இருந்தால் கட்டணம் பாதி. ஸுஹைமி வீடு, கூரி தொகுதி, பாப் ஸுவைலா ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சீட்டு. முகவர் 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று எழுதியிருந்தால் அது எந்தச் சீட்டு என்று எழுத்தில் வாங்குவது அவசியம். பெரும்பாலும் பிரமிட் சீட்டைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இனி வருவது பைன் அல்-கஸ்ரைன். கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று என்று இரண்டு ஃபாத்திமிய அரண்மனைகளுக்கு நடுவே படை அணிவகுத்த வெளி. அரண்மனைகள் போய்விட்டன, அவற்றின் மேல் மம்லூக் கட்டடங்கள் நிற்கின்றன. 5 மணித்தியால நடையில் ஒன்றேகால் மணித்தியாலம் இந்த ஒரு துண்டுக்கே கொடுக்க வேண்டும்.

கலாவூன் தொகுதி 1284இல் தொடங்கி 1285இல் முடிந்தது. கல்லறை, மத்ரஸா, மருத்துவமனை மூன்றும் பதின்மூன்று மாத அளவில் எழுந்தன. இந்த வேகத்துக்காகத் தெருவில் போனவர்களைக்கூடப் பிடித்து வேலை வாங்கினார்கள் என்றும், நைல் நதியிலுள்ள ரவ்தாத் தீவுக் கோட்டையிலிருந்து தூண்களைப் பிடுங்கி வந்தார்கள் என்றும் அக்காலத்தை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். மருத்துவமனையில் காய்ச்சலுக்கு, கண்ணுக்கு, சத்திர சிகிச்சைக்கு, வயிற்றோட்டத்துக்கு என்று தனித்தனிக் கூடங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு இடம். அதே வளவில் இன்றும் கண் மருத்துவமனை இயங்குகிறது. கல்லறை மண்டபத்தில் நான்கு கட்டுத்தூண், நான்கு கருங்கல் தூண், நடுவில் எண்கோணம். வெளியே இருந்து உள்ளே போனதும் கண் பழக இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் படம் எடுத்துவிட்டு வெளியேறுவதுதான் குழுக்களின் வழக்கம். நில்லுங்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் மெல்லத்தான் தெளியும்.

வழிகாட்டி சொல்லாத முதல் விஷயம் இங்கே இருக்கிறது. 1283இல் யாப்பகுவவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு இதே சுல்தான் கலாவூனிடம் தூது அனுப்பினான். தங்கப் பேழையில் வைத்து வந்த கடிதத்தை வாசிக்கக் கெய்ரோவில் ஆள் இல்லை, தூதர்களே வாயால் பொருள் சொன்னார்கள். முத்தும் மாணிக்கமும் யானையும் கறுவாவும் தன்னிடம் உண்டு, யெமன் நட்பை விட்டு எகிப்தோடு நேரே வியாபாரம் செய்ய விருப்பம் என்பது சாரம். அரபுச் சரித்திரக்காரர்கள் பதிந்து வைத்ததால் நமக்குத் தெரிகிறது. இதைத் தெரிந்த ஓரிரு வழிகாட்டிகள் உற்சாகத்தில் 'உங்கள் தூதர் இந்த மண்டபத்தில்தான் நின்றார்' என்று சொல்லிவிடுவார்கள். தூது வந்தபோது இந்தக் கட்டடமே இல்லை. அடுத்த வருடம்தான் அத்திவாரம் போட்டார்கள். சுல்தான் இருந்ததும் மலைமேல் கோட்டையில்.

பக்கத்தில் அந்-நாஸிர் முஹம்மதின் மத்ரஸா. 1303 அளவில் முடிந்தது. அதன் கூர்முனைப் பளிங்கு வாசல் ஒரு கிறிஸ்தவத் தேவாலயத்தின் வாசல். சிலுவைப் போர்க்காரர் கையில் இருந்த அக்கா நகர் 1291இல் வீழ்ந்தபோது கழற்றிக் கப்பலேற்றிக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அதற்கு அப்பால் பர்கூக், 1386. உள்ளே கூரை மரத்தில் நீலமும் பொன்னும். எதிர்ப்பக்கம் சுல்தான் ஸாலிஹ் அய்யூபின் கல்லறை. அவருடைய மனைவி ஷஜருத் துர் 1250இல் கட்டுவித்தது. அந்தப் பெண் சில மாதம் தன் பெயரிலேயே எகிப்தை ஆண்டாள்.

இந்த இடத்தில் ஒரு பிரச்சினை வரும். பூட்டிய கதவுப் பக்கம் ஒருவர் வந்து 'மேலே போய்ப் பார்க்கலாம், வாருங்கள்' என்பார். சீட்டு உள்ள இடமென்றால் அவருக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. சீட்டில்லாத மினாராவுக்கோ கூரைக்கோ என்றால் போகவே வேண்டாம். படிகள் தேய்ந்தவை, கைப்பிடி இராது, விழுந்தால் காப்புறுதி செல்லாது. வழிகாட்டியிடம் எகிப்திய அரசின் உரிம அட்டை இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே பாருங்கள். கொழும்பு முகவர் சொல்லும் 'தமிழ் வழிகாட்டி' என்பவர் கூட வரும் குழுத் தலைவர். நினைவுச் சின்னத்துக்குள் விளக்கம் சொல்ல உள்ளூர் உரிமம் வேண்டும். ஆங்கிலத்தில் அவர் சொல்வதை இவர் தமிழாக்குவார். இரட்டை நேரம் போகும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

புறக்கோட்டையில் தங்கத்துக்குச் செட்டியார் தெரு, துணிக்குக் கெய்சர் தெரு என்று தொழிலுக்கொரு தெரு. அல்-முயிஸில் ஒரே தெரு, துண்டுக்கொரு தொழில். கலாவூனுக்குத் தெற்கே செம்பு வேலைக்காரர், அதை அடுத்துத் தங்கக்காரர், அல்-அஸ்ஹர் வீதிக்கு அப்பால் துணிக்காரர், தென்வாசலுக்கு வெளியே கூடாரத் துணிக்காரர். நகை வாங்கும் எண்ணம் இருந்தால் அங்கே 21, 18 கரட்தான் பெருவழக்கு என்பது தெரிந்திருக்க வேண்டும். கொழும்பின் 22 கரட் விலையோடு கிராமுக்குக் கிராம் ஒப்பிட்டு 'மலிவு' என்று ஏமாறுவது வழக்கமான கதை. முத்திரையைப் பார்த்து, செய்கூலியைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். வாசனைத் தைலக் கடையும் பாப்பிரஸ் கடையும் வழிகாட்டிக்குத் தரகு கிடைக்கும் இடங்கள். பதிவு செய்யும்போதே 'கடை இறக்கம் வேண்டாம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

கான் அல்-கலீலியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஜஹார்கஸ் அல்-கலீலி என்ற அமீர் 1382 அளவில் ஃபாத்திமியக் கலீஃபாக்களின் இடுகாட்டைத் தோண்டிவிட்டு அந்த இடத்தில் கட்டிய வியாபார விடுதி. இன்று விற்பதில் பெரும்பகுதி இயந்திரத்தில் செய்த சாமான். தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலத்தில் கிளம்பலாம்.

அல்-அஸ்ஹர் வீதி 20ஆம் நூற்றாண்டில் தெருவைக் குறுக்கே வெட்டிப் போட்டது. வாகனங்கள் நிற்காது. ஹுசைன் பள்ளிவாசல் பக்கம் உள்ள நடைச் சுரங்கப்பாதையால் கடந்து போங்கள். பெரும்பாலான உலாக்கள் இங்கேயே முடிந்துவிடும். தெற்குப் பாதியில் சனமும் தள்ளுவண்டியும் மோட்டார் சைக்கிளும் நெரியும் என்பது உண்மை. ஆனால் கெய்ரோக்காரர் தங்களுக்காகச் சாமான் வாங்கும் தெரு இந்தப் பாதிதான்.

கடந்ததும் சுல்தான் அல்-கூரியின் தொகுதி, 1503 முதல் 1505 வரை. வழிகாட்டி விடும் இரண்டாவது விஷயம் இது. மம்லூக் கஜானா நிறைந்தது இந்து சமுத்திரத்து மிளகு, கறுவா வரியால். போர்த்துக்கேயர் அந்த வழியை மறிக்கத் தொடங்கியதும் கூரி செங்கடலிலிருந்து கப்பற்படை அனுப்பினார். 1508இல் இந்தியக் கரையில் சாவுல் துறைமுகத்தில் அந்தப் படை குஜராத்தியரோடு சேர்ந்து போர்த்துக்கேயரை வென்றது. அங்கே செத்த போர்த்துக்கேயத் தலைவன் லொரென்சோ த அல்மேதா. 1505இல் இலங்கைக் கரைக்கு வந்து சேர்ந்தான் என்று பள்ளிக்கூடச் சரித்திரத்தில் மனப்பாடம் செய்தோமே, அவன்தான். அடுத்த வருடம் தியூவில் மம்லூக் படை தோற்றது. கூரி 1516இல் சிரியாவில் ஒஸ்மானியரோடு பொருதி இறந்தார். உடல் கிடைக்கவில்லை. இத்தனை செலவில் கட்டிய கல்லறையில் அவர் இல்லை. சில வழிகாட்டிகள் இலங்கையர் என்றதும், எகிப்திலிருந்து இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷாவைத் தொடுவார்கள். ஸாஹிராக் கல்லூரிக்கு அவர் காட்டிய ஆதரவு நமக்குத் தெரிந்ததே. ஆனால் ஒராபி படையோடு ஆட்சியாளரை எதிர்த்து நின்றது ஆப்தீன் மாளிகைச் சதுக்கத்தில், இந்தத் தெருவில் அல்ல.

கூரிக்குத் தெற்கே துருக்கித் தொப்பி செய்யும் பட்டறை உண்டு. சூடேற்றிய பித்தளை அச்சில் கம்பளியை அழுத்தி உருவாக்குவார்கள். தலை அளவு எடுத்துச் செய்து தருவார்கள். கலியாணத்துக்கு வாங்குவதென்றால் கடினமான உள்வலை வைத்ததைக் கேளுங்கள். மென்மையானது சூட்கேஸில் நசுங்கி வரும்.

தெரு முடிவில் முஅய்யத் பள்ளிவாசல், அதை ஒட்டி பாப் ஸுவைலா. பள்ளிவாசலின் இரண்டு மினாராக்கள் வாசல் கோபுரங்களின் தலையில் நிற்கின்றன. 1092 கோபுரத்தின் மேல் 15ஆம் நூற்றாண்டு மினாரா. அது முன்பு சிறைச்சாலை நிலம். அங்கே அடைபட்டிருந்த முஅய்யத், சுல்தான் ஆனால் சிறையை இடித்துப் பள்ளிவாசல் கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டு அப்படியே செய்தார். கடைசி மம்லூக் சுல்தான் தூமான் பேயை 1517இல் ஒஸ்மானியர் தூக்கிலிட்டது இந்த வாசலில். மேலே ஏறச் சீட்டு உண்டு. கோபுரத் தட்டு வரை எல்லோரும் போகலாம். மினாராவுக்குள் படி சுருளாக ஒடுங்கும், ஒருவர் இறங்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். முழங்கால் நோ உள்ளவர்கள் தட்டோடு நிற்கட்டும், தெரு முழுவதும் அங்கிருந்தே தெரியும்.

வாசலுக்கு வெளியே கியாமிய்யா என்ற கூரையிட்ட கூடாரத் துணிச் சந்தை. கூடாரத் துணியில் பருத்தித் துண்டுகளை வெட்டிக் கையால் தைப்பார்கள். அச்சடித்த போலியும் அருகிலேயே தொங்கும். துணியைத் திருப்பிப் பாருங்கள். கைவேலையென்றால் பின்பக்கக் கான்வஸில் தையல் புள்ளிகள் தெரியும், அச்சென்றால் சாயம் ஊறியிருக்கும். மெத்தை உறை அளவு சூட்கேஸில் அடங்கும். சுவரளவு வாங்கினால் மடிக்காமல் சுருட்டித் தரச் சொல்லுங்கள், மடித்த இடத்தில் பிற்பாடு கோடு விழும்.

வானைப் பாப் ஸுவைலாவுக்கு வரச் சொன்னால் சாரதி நெரிசலில் சிக்கி உங்களைக் காக்க வைப்பார். மேற்கே பத்து நிமிட நடையில் பாப் அல்-கல்க், அங்கே இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தின் முன்னால் வீதி அகலம். ஏறும் இடம் அதுவென்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். இறங்கும் இடமும் ஏறும் இடமும் வேறு என்றால் சில முகவர்கள் மேலதிகமாகக் கேட்பார்கள். விலை பேசும் நேரத்தில் இதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.